மாஸ்டரின் கால்

டிரைவிங் ஸ்கூல் வண்டியில் மாஸ்டர் உட்காரும் பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். எங்கள் மாஸ்டரின் கிளட்ச்சில் ரப்பர் தேய்ந்துபோய் உள்ளே இருந்த இரும்பு பளபளத்தது. கற்றுக்கொள்பவர் பக்கத்து கிளட்ச்சில் ரப்பரின் வரிகூட அழியவில்லை. அதைப் பார்த்த அன்றே அந்த ஸ்கூலில் யார் வண்டி ஓட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மாஸ்டர் இந்த மராத்தி ஊரிலேயே, கட்கியில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பாவும் என் அப்பாவும் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள், இரண்டு குடும்பமும் வேலூர்ப் பக்கம். அதனால் நான் வேலைக்குப் போய்ச் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகும் அவருக்குப் பாப்பாதான். நல்ல மனிதர், மறுக்கவில்லை. நல்ல மனிதர்கள் மேல்தான் எனக்கு அதிகம் கோபம் வருகிறது. கெட்டவர்களிடமாவது நேராகச் சண்டை போடலாம்.

சின்ன வயதில் வந்த போலியோவில் என் இடது பாதம் வலுவிழந்து தொங்கிப்போனது. நடப்பேன், படி ஏறுவேன், ஆனால் அந்தக் காலால் எதையும் அழுத்தி மிதிக்க முடியாது. இதைச் சொன்னதும் சிலர் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அது எனக்குத் தேவையில்லை. எனக்குத் தேவைப்பட்டது கிளட்ச் இல்லாத கார். மகர்பட்டாவில் கட்டடங்கள் எழுந்துகொண்டிருந்த காலத்தில் எனக்கு அங்கே வேலை. வீடு இருந்த ஔந்திலிருந்து ஊரையே குறுக்காகக் கடக்க வேண்டும். இரண்டு பஸ், நெரிசல், "பாவம், லங்கடி, எடம் குடுங்க" என்று என்னை நொண்டியாக்கி உரக்கச் சொல்லும் கண்டக்டர். பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்று விலைக்கு வந்ததும் யாரையும் கேட்காமல் வாங்கினேன்.

அதில் முதல்முறை என் பக்கத்தில் உட்கார்ந்த மாஸ்டர் குனிந்து கீழே பார்த்தார். "இன்னா பாப்பா, என் பக்கம் ஒண்ணுமே இல்லியே" என்றார். சங்கம் பாலம் வரைக்கும் கதவுக் கைப்பிடியை விடவில்லை. ஒரு வாரம் போனதும் கையை மடியில் வைத்துக்கொண்டார். அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு, "ம், தூக்கம் வருது" என்பதுதான்.

லைசன்ஸ் டெஸ்ட் மைதானத்தில் ஒரு சரிவு உண்டு. அதன் நடுவில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி ஏற வேண்டும். கிளட்ச்சைப் பாதி விட்டுச் செய்யும் வேலை அது. இன்ஸ்பெக்டர் என் காருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இது தானாவே ஏறிடும். லைசன்ஸ் உனக்குக் குடுக்கறதா, வண்டிக்குக் குடுக்கறதா?" என்று இந்தியில் கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"நாளைக்கு யாரையாவது இடிச்சா யாரைப் பிடிப்பீங்க சார்? வண்டியையா?"

"கியர் வண்டி கொண்டு வா" என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் திரும்பிக்கொண்டார்.

மாஸ்டர் என்னை ஓரமாக அழைத்துப் போனார். "வுடு பாப்பா. நம்ம ஸ்கூல் வண்டில உக்காரு. ஸ்டியரிங்கப் புடி, பிரேக்கு ஆக்சிலேட்டர் நீ பாத்துக்கோ. கிளட்ச்ச நான் மிதிச்சிக்கிறேன். எல்லாத்துக்கும் அதான் பண்றேன், உனக்குப் பண்ண மாட்டனா? லைசன்ஸ் வாங்கிக்கினு அப்புறம் உன் வண்டிய ஓட்டிக்கோ." அன்பாகத்தான் சொன்னார். காலே இல்லாதவளுக்கும் அவர் லைசன்ஸ் வாங்கித் தருவார். சொந்தக் காரை ஓட்டத் தெரிந்தவளுக்கு மட்டும் கிடையாது. போய் ஸ்கூல் வண்டியில் உட்கார்ந்தேன்.

இன்ஸ்பெக்டர் பின் சீட்டில். சரிவில் ஏறினோம், நடுவில் நிறுத்தினேன். என் வலது கால் பிரேக்கில், மாஸ்டரின் கால் கிளட்ச்சில். "சலோ" என்றார் இன்ஸ்பெக்டர். நான் மாஸ்டரைப் பார்த்து, இன்ஸ்பெக்டருக்குப் புரியட்டும் என்று இந்தியிலேயே சொன்னேன்: "மாஸ்டர், உங்க காலை எடுங்க."

"பாப்பா, கம்முனு ஓட்டு."

"எடுங்க."

எடுத்தார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி இன்ஜின் அணைந்துபோனது.

"க்யா ஹுவா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இதுதான் சார் நான். இதுவரைக்கும் ஓட்டினது அவர். அங்க நிக்கிற என் கார்ல நான் மட்டும்தான் இருப்பேன். அதுல ஏறி என்னை டெஸ்ட் பண்ணுங்க."

இன்ஸ்பெக்டர் இறங்கி வந்து என் காரில் ஏறினார். சரிவு மட்டுமல்ல, வெளியே ரோட்டில், லாரிக்கும் ரிக்‌ஷாவுக்கும் நடுவிலும் ஓட்டச் சொன்னார். ஓட்டினேன். மைதானத்துக்குத் திரும்பியதும் "பாஸ்" என்று முணுமுணுத்தார். அதற்குப் பிறகு செய்ததுதான் அவருடைய கோபம். எல்லா மாஸ்டர்களையும் வண்டியை விட்டு இறங்கச் சொன்னார். மாஸ்டர் அழைத்து வந்திருந்த மற்ற பெண்கள் ஒவ்வொருவராகச் சரிவில் பின்னால் உருண்டு ஃபெயிலானார்கள். ஒருத்தி அழுதாள். இன்னொருத்தி மராத்தியில் என் காலைச் சொல்லியே திட்டினாள்.

மாஸ்டர் என் கார் ஜன்னலருகே வந்தார். "உனக்குக் கெடச்சிடுச்சி. அவங்கோ இன்னா பாவம் பண்ணாங்கோ?"

"அவங்களுக்கு ஓட்டத் தெரியாது மாஸ்டர். நீங்க கத்துக் குடுக்கல."

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. கட்கி பஜாரில் எதிரே வந்தால் தலையைத் திருப்பிக்கொள்வார். நான் திருப்பிக்கொண்டதில்லை. அந்தப் பெண்களின் வயிற்றெரிச்சல் என்னைச் சும்மா விடாது என்று அம்மாகூடச் சொன்னாள். எனக்கு எதுவும் ஆகவில்லை. இன்று அதே நிலை வந்தாலும் "காலை எடுங்க" என்றுதான் சொல்வேன், இன்னும் உரக்க.

இப்போது நான் வேலை பார்க்கும் கராடியில் புது காரெல்லாம் ஆட்டோமேட்டிக். ஆனாலும் ஆபீஸில் யாராவது ஒருவன், "அது ஓட்டறதே இல்ல மேடம், கியர் போட்டாத்தான் டிரைவிங்" என்பான். நான் அவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன்: "உன் டெஸ்ட்ல கிளட்ச்ச மிதிச்சது யாரு?"

பெரும்பாலும் பேச்சை மாற்றிவிடுவார்கள்.