கேமராவுக்கு முன்னால் தொங்கிய பொம்மை

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதனாலோ என்னவோ, புரியாத எதைப் பார்த்தாலும் அது என் பிழைப்பைக் கெடுக்கத்தான் வந்திருக்கிறது என்று முதலில் தோன்றும்.

திருவனந்தபுரத்தில், ஸ்ரீவராகத்துக்குப் பக்கத்தில் ஒரு புதுவீட்டுக்கு டைல்ஸ் பதித்துக்கொண்டிருந்தேன். டைல்ஸ் சீனாவிலிருந்து கப்பலில் வந்தது. வீட்டுக்காரர் துபாயில் கணக்கு வேலை பார்த்தார். எனக்குக் கையாள் ஒரு வங்காளத்துக்காரர். ஒரு நாள் வாசலில் கம்பம் நட்டு, வீட்டைப் பார்க்க ஒரு கேமராவை மாட்டிவிட்டுப் போனார்கள்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் செய்துவந்த கொத்து வேலை, குறைந்த கூலிக்கு வரும் வங்காளத்துக்காரர்களிடம் ஏற்கெனவே போய்விட்டது. இனி டைல்ஸ் வேலையும் போகப்போகிறது. நான் டீ குடிக்கப் போவதையெல்லாம் வீட்டுக்காரர் துபாயில் இருந்தே பார்த்து, என்னை நிறுத்திவிட்டுக் கையாளை மேஸ்திரி ஆக்கப்போகிறார் என்று நினைத்தேன். அந்த ஆளும் கேமராவைப் பார்த்து அடிக்கடி சிரித்தார்.

போதாததற்கு டைல்ஸ் வேறு உடைந்தது. கண் பட்டிருக்கிறது என்று திருஷ்டி பொம்மை வாங்கி வந்தேன். தெருவில் போகிறவர்கள் கண்ணில் படும்படி உயரத்தில் கட்ட வேண்டும். வாசலில் உயரமாக இருந்தது அந்தக் கம்பம்தான். கட்டிவிட்டேன். காற்றில் அது சுற்றிக் கேமராவை மறைக்கும் என்று யோசிக்கவில்லை.

மறுநாள் துபாயிலிருந்து போன்.

"அண்ணாச்சி, வீடு எங்கே போச்சு? ஒரு பூதம்தான் நாக்க நீட்டிட்டு நிக்குது, கேட்டோ!"

"கண்ணு படக் கூடாதுல்லா சாரே."

"யாரு கண்ணு? என் கண்ணா?"

சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை. பொம்மையைத் தள்ளிக் கட்டினேன்.

அதன் பிறகு போனே வரவில்லை. அடுத்த லோடு டைல்ஸும் வரவில்லை.

"ஒனக்குப் போன் பண்ணாராடே?" என்று கையாளிடம் கேட்டேன்.

இல்லை, தனக்கும் பயமாக இருக்கிறது என்று அரைகுறை மலையாளத்தில் சொன்னார். அதையும் நம்பவில்லை.

ஒரு நாள் காலை வீட்டுக்காரரே ஆட்டோவில் வந்து இறங்கினார், பெட்டி படுக்கையோடு.

"அங்கே எங்க செக்‌ஷனையே மூடியாச்சு அண்ணாச்சி. அதே வேலைய இப்பம் வேற நாட்டுல கொறஞ்ச சம்பளத்துக்குச் செய்யறாங்க."

எங்கள் கொத்தனார்கள் சொன்னதையே அவரும் சொல்வது போல இருந்தது.

"எங்களக் கண்காணிக்கத்தானே கேமரா வச்சீங்க?" என்று கேட்டே விட்டேன்.

"வீட்டப் பாக்க அண்ணாச்சி. அங்கே என் ரூமுக்கு ஜன்னலே கிடையாது. வேல முடிஞ்சு வந்தா இதத்தான் பாத்துட்டிருப்பேன்."

பாதி நம்பினேன்.

"ஹால் மட்டும் போதும். பாக்கி பின்னே பாக்கலாம்" என்றார்.

நானும் கையாளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஹாலுக்கு ஒரு ஆளே போதும். யாரை நிறுத்துவது என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இரண்டு பேருமே செய்தோம், அதனால் சீக்கிரமே முடிந்துவிட்டது.

நாங்கள் கிளம்பும்போது வீட்டுக்காரர் கேட்டார்: "அந்தப் பொம்மைய எறக்கிரலாமா?"

"வீடு முடியாம எறக்கக் கூடாது சாரே."

அண்ணாந்து அதைப் பார்த்தார். "அப்பம் அங்கயே கெடக்கட்டும்."

இப்போதும் அந்தப் பக்கம் வேலைக்குப் போனால் முதலில் கம்பத்தைத்தான் பார்ப்பேன். இன்னும் இறக்கவில்லை.