காற்றுச் சிலிண்டருக்கு அளவெடுத்தவள்

ஆல்டரேஷன் கடை வைத்திருக்கிறவளுக்கு "இது ஏலாது" என்று சொல்லத் தெரியாவிட்டால், அவள் மேசைக்கு என்னவெல்லாம் வந்து சேரும் என்று அவளுக்கே தெரியாது.

மிச்சம் (Mitcham) என்கிற ஊரில் டிராம் நிற்கும் இடத்துக்குக் கிட்ட என் கடை. சாரி பிளவுஸ், பள்ளிக்கூடக் காற்சட்டை, கல்யாண உடுப்பு, ஸிப் மாற்றுவது, பதினெட்டு வருஷமாக இதுதான் பிழைப்பு. போன வருஷம் இந்தப் பட்டியலில் காற்றடைத்த சிலிண்டரும் சேர்ந்துகொண்டது. மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, "இதை ஏன் வாங்கி வைத்தேன்" என்று தன்னையே திட்டிக்கொண்டிருக்கும் சகதொழிலாளிகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் புரியாது.

ஜெகனின் முதுகு

கடைக்கு மேலே உள்ள பிளாட்டில் குடியிருக்கும் ஜெகனுக்குக் கவுன்சிலில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏர்சொஃப்ட் விளையாடப் போவார். காட்டுக்குள் இரண்டு அணியாகப் பிரிந்து, விளையாட்டுத் துப்பாக்கியால் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் குண்டுகளை ஆளுக்காள் சுட்டுக்கொள்வது. நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் காசு கொடுத்து இதைச் செய்கிறார்கள். ஒருநாள் அவர் கறுப்புச் சிலிண்டர் ஒன்றைக் கொண்டுவந்து என் வெட்டுமேசையில் வைத்தார். பெரிய தண்ணீர்ப் போத்தல் அளவு இருக்கும். அதிலிருந்து ஒரு குழாய் துப்பாக்கிக்குப் போகிறது. உள்ளே அழுத்தி அடைத்திருக்கும் காற்றுதான் குண்டைத் தள்ளுகிறது. இதை முதுகில் சுமந்துகொண்டு நாள் முழுக்க ஓட வேண்டும். கடையில் வாங்கிய பை முதுகெலும்பில் இடித்து இடித்து, திங்கட்கிழமை அலுவலகக் கதிரையில் சாய முடியவில்லையாம்.

இப்படியான சாமான் கண்ணில் பட்டால் என் கை சும்மா இருக்காது. தூக்கிப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன், கழுத்திலிருந்த சின்ன மீட்டரைத் திருப்பிப் பார்த்தேன். வெடிக்காதா என்று கேட்டேன். எந்தத் திகதிக்கு முன் மறுபடி சோதிக்க வேண்டும் என்று சிலிண்டரில் ஒட்டியிருந்ததைக் காட்டினார். அது சரி, வீட்டில் மனுசிக்கு என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, அவவுக்கு ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ. முதுகு நோகுதெண்டு தெரிஞ்சால் புல்லு வெட்டவேண்டாம் எண்டு சொல்லமாட்டா, விளையாடப் போகவேண்டாம் எண்டுதான் சொல்லுவா."

நின்றபடி எடுத்த அளவு

எங்கள் தொழிலில் அளவெடுக்க ஆளை நிமிர்ந்து நிற்கச் சொல்வோம். நானும் சொன்னேன். தோளிலிருந்து இடுப்புவரை, மார்புச் சுற்றளவு, முதுகின் அகலம், எல்லாம் எழுதிக்கொண்டேன். பை முதுகோடு ஒட்டி, கண்ணாடியில் பார்க்க எடுப்பாக இருந்தது. எனக்கே என்னில் பெருமை.

ஞாயிற்றுக்கிழமை அதைக் கட்டி விளையாடிவிட்டு, அடுத்த நாளே ஜெகன் பின்கழுத்தைத் தடவிக்கொண்டு வந்தார். குப்புறப் படுத்துச் சுடும்போதெல்லாம் சிலிண்டரின் தலை அவர் பிடரியில் வந்து முட்டியிருக்கிறது. கடைக் கதவில் "மூடியுள்ளது" அட்டையைத் தொங்கவிட்டு, அவரைத் தரையில் படுக்கச் சொல்லி, முழங்காலில் நிற்கச் சொல்லி, தவழச் சொல்லித் திரும்ப அளவெடுத்தேன். குப்புறப் படுத்துத் தலையை நிமிர்த்திய மனுஷனின் முதுகு நின்ற மனுஷனின் முதுகைவிட இரண்டு அங்குலம் சின்னது. இத்தனை வருஷத்தில் இது எனக்குத் தெரியாது. தரையில் கிடந்தபடியே ஜெகன் சொன்னார்: "நீங்கள் எனக்குக் கலியாண வீட்டுக்கெல்லோ தைச்சுத் தந்தனியள். நான் அங்கை பாதி நேரம் சேத்துக்கைதான் கிடக்கிறனான்."

கோமதி கேட்டது

ஜெகனின் பை சரிவந்த பிறகு அவருடைய அணியிலிருந்து கோமதி வந்தார். மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே வேலையில் தங்கிவிட்டவர். ஜெகனைக் காட்டிலும் நன்றாகக் குறிபார்ப்பாராம், இதை ஜெகனே சொன்னார். ஒன்றரை வருஷத்துக்கு முன் அவருக்கு இடப்பக்க மார்பில் ஆபரேஷன் நடந்தது. உடம்பு தேறிவிட்டது. ஆனால் பையின் பட்டி இடத்தோளில் ஏறினால் தழும்பில் உரசுகிறது, கையையும் பிடித்து இழுக்கிறது.

பட்டியைத் தளர்த்தினால் போயிற்று என்று நான் நினைத்தேன். பிறகுதான் அந்த விளையாட்டின் விதியை விளக்கினார். குண்டு பட்டது பட்டவருக்கு மட்டும்தான் தெரியும். பட்டவர் தானாகவே கையை உயர்த்திக்கொண்டு வெளியே நடக்க வேண்டும். முழு விளையாட்டும் இந்த நேர்மையில்தான் நடக்கிறது. இவருக்கு வலக்கையில் துப்பாக்கி, இடக்கை காது மட்டத்தில் நின்றுவிடுகிறது. முகமூடிக்குள் இருந்து கத்தினாலும் தூரத்தில் கேட்காது. எதிரணியில் சிலர், இந்தப் பெண் குண்டு பட்டாலும் ஒப்புக்கொள்வதில்லை என்று இரண்டு முறை முறையிட்டுவிட்டார்கள். காரணத்தைச் சொல்லப்போனால், முன்பின் தெரியாதவர்களிடம் தன் மார்பைப் பற்றிப் பேச வேண்டும். அதற்கு அவர் தயாராக இல்லை.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யாரில் கோபப்படுவதென்றுதான் தெரியவில்லை. சாக்கட்டியை எடுத்து, சுவரோடு நிற்க வைத்து, பட்டி இல்லாமல் கை எவ்வளவு உயரம் போகிறது, பட்டியோடு எவ்வளவு போகிறது என்று இரண்டு கோடு போட்டேன். நடுவில் ஒரு முழம் இருந்தது. கோமதி அந்த இரண்டு கோட்டையும் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தோத்தா பரவால்லக்கா, எத்தனையோ தடவ தோத்திருக்கேன். ஏமாத்துறவள்னு பேர் வாங்கிட்டு அங்க போய் நிக்க முடியாது. இது சரிவரலனா நான் விட்டுடறேன்."

அழகுக்குத் தைத்த பை

ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களுக்குப் பிளவுஸ் தைக்கும்போது உள்ளே வழவழப்பான சாட்டின் வைப்பேன், தோல் நோகாது. அதே யோசனையில் கோமதியின் பைக்கும் உள்ளும் புறமும் சாட்டின் வைத்தேன். விளிம்பு எங்கேயும் தெரியாமல் மடித்து அடித்தேன். குழாய்க்கு மட்டும் பொத்தான் துவாரம்போல ஒரு சின்னத் துவாரம். திறந்து கிடக்கும் வாயைக் கண்டால் மூடித் தைக்காமல் எனக்குத் தூக்கம் வராது, உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்.

பலன் என்னவென்றால், மீட்டர் உள்ளே மறைந்துபோனது. எவ்வளவு காற்று மிச்சமிருக்கிறதென்று பார்க்க வழியில்லாமல், எதிராளி நேரே வந்து நிற்கும்போது துப்பாக்கி வெறுமனே புஸ் என்றிருக்கிறது. சாட்டினில் சிலிண்டர் ஒரு இடத்தில் நிற்கவும் இல்லை. கோமதி நல்ல பழக்கமுள்ள பெண், குறையைக்கூட மெல்லமாகத்தான் சொல்வார்: "பை ரொம்ப அழகா இருக்குக்கா. டாங்க்தான் நில்லாம சுத்துது. ஒருவாட்டி வயித்துப் பக்கமே வந்துருச்சு லா."

நானே கட்டிப் பார்த்தது

சுமக்கிறவருக்குத் தெரிவது தைக்கிறவளுக்குத் தெரியாமல் போனால் வேலை உருப்படாது. ஜெகனிடம் காற்றில்லாத சிலிண்டரை வாங்கி, விதம்விதமாக உடம்பில் கட்டிக்கொண்டு மத்தியானம் முழுக்க அயன் பண்ணினேன். தோளில் தொங்கினால் அரை மணித்தியாலத்தில் கழுத்து இறுகுகிறது. ஒரு பக்கத்து இடுப்பில் தொங்கினால் நடை கோணுகிறது. கடைசியில், ஆறு கஜச் சாரியின் பாரத்தையெல்லாம் உள்பாவாடையின் இடுப்புப் பட்டி ஒன்றுதானே தாங்குகிறது என்று யோசனை வந்தது. நாலு அங்குல அகலத்தில் ஒரு பட்டி தைத்து, இடுப்பெலும்பின் மேல் இறுக்கிக் கட்டி, பின்பக்கம் சிலிண்டரைக் குறுக்காகப் படுக்க வைத்தேன். பாரம் தோளை விட்டுவிட்டது. குனிந்தேன், கதிரையின் கீழே விழுந்த ஊசியை எடுத்தேன், இரண்டு கையையும் தூக்கிப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அப்படியே கையைத் தூக்கிக்கொண்டு நின்றபோதுதான், பிளவுஸ் வாங்க வந்த ராசமக்கா கதவைத் திறந்தார். என் இடுப்பிலிருந்த சிலிண்டரையும் தொங்கிய குழாயையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் வாடிவிட்டது. "பிள்ளை, உனக்கு எப்ப இருந்து ஒக்சிசன் பூட்டினவங்கள்? சட்டையை ஆறுதலாத் தாவன், முதல்லை போய்ப் படு."

காட்டுக்குள் ஒரு கை

புதுப் பைக்கு உள்ளே சொரசொரப்பான கான்வாஸ் வைத்தேன், உடம்பில் படும் பக்கம் மட்டும் பஞ்சு. சிலிண்டரின் தலை வலப்பக்கம் வெளியே தெரிந்தது, மீட்டரைக் குனிந்தாலே பார்க்கலாம். குழாய் வலக்கைக்குக் கீழால் போனது. வலத்தோளில் மட்டும் ஒரு மெல்லிய பட்டி, இடப்பக்கத்தில் ஒரு நூல்கூட இல்லை. சுவரில் அளந்தபோது கை மேல்கோட்டைத் தொட்டது. ஆனால் சுவர் வேறு, காடு வேறு. ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு ஜெகனின் காரில் நானும் போனேன்.

பார்க்கிறவர்களுக்கும் முகமூடி போட்டு, வலைக்குப் பின்னால் நிறுத்திவிட்டார்கள். விசில் ஊதியது. கோமதி ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு ஓடினார், விழுந்தார், உருண்டு எழும்பினார். நான் அவருடைய முகத்தைப் பார்க்கவேயில்லை, இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டி நகரவில்லை. அடுத்த நிமிஷம் அவர் ஓடிய ஓட்டத்தில் சடாரென்று நின்றார். இடக்கை நேராக வானத்துக்குப் போனது. தையல் குத்திவிட்டதோ, நோகிறதோ என்று எனக்குப் பதறியது. பிறகுதான் விளங்கியது. பற்றைச் செடிகளுக்குப் பின்னாலிருந்து எதிரணிக்காரர் ஒருவர் எழும்பி, பெருவிரலை உயர்த்திக் காட்டினார். முன்பு முறையிட்டவர்களில் அவரும் ஒருவர் என்று பிறகு தெரிந்தது. கோமதி தூக்கிய கையை இறக்காமல், அவசரமே இல்லாமல், அந்தத் திடல் முழுவதையும் குறுக்காக நடந்து வலையடிக்கு வந்தார். முகமூடியைக் கழற்றினார். வேர்த்து வழிந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. "மூணாவது நிமிஷத்துலயே அவுட்டுக்கா," என்றார். "எல்லாரும் பாத்தாங்க."

இவ்வளவு பாதுகாப்பு விதிகளை எழுதி ஒட்டி வைத்திருப்பவர்கள், அந்த முகமூடிக்குள் அழுதால் கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றுமே தெரியாது என்பதை மட்டும் தையல்காரிகளுக்குச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.