ஓசி கம்பைலரும் ஓர் ஆட்டுத் தோலும்

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்தால், எங்கள் வீட்டு வாசலில் நஜீர் பாயின் ஸ்கூட்டர்!

புதிதாகப் படிப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஆம்பூரில் வீட்டுக்குப் பின்னாலேயே ஒரு சின்னத் தோல் யூனிட் வைத்திருக்கிறோம். நஜீர் பாய் வாணியம்பாடி வியாபாரி. எங்களிடம் தோல் வாங்குபவர். அதைவிட முக்கியம், என் வீட்டுக்காரர் சாமுவேலின் பள்ளிக்கூடத்து தோஸ்த். ஆனால் போன கிறிஸ்துமஸுக்கு இங்கிருந்து கேக் போகவில்லை. ரம்ஜானுக்கு அங்கிருந்து பிரியாணி வரவில்லை.

காரணம், அளவு. ஒவ்வொரு தோலும் எத்தனை சதுர அடி என்று ஒரு மெஷின் அளந்து சொல்லும். எங்கள் மெஷின் ஒன்று சொன்னால், அதே தோலுக்கு அவர் மெஷின் எப்போதும் கொஞ்சம் கம்மியாகச் சொல்கிறது. உள்ளே என்ன கணக்கு ஓடுகிறது? விற்ற கம்பெனிக்காரர் வாயைத் திறப்பதில்லை. ‘அவன் மெஷினில் கை வைத்துவிட்டான்’ என்று இவர் நினைத்தார். அவரும் அதையே நினைத்தார்.

நடுவில் புகுந்தவள் என் மருமகள் பிரீத்தி. பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். தோலைப் பலகையில் விரித்து, மேலிருந்து போட்டோ எடுத்தால் பரப்பளவு சொல்லும் ஒரு புரோகிராமை அவளே எழுதிவிட்டாள். நஜீர் பாய்க்கு போன் போட்டதும் அவள்தான். “வர்றேன்மா. இன்னிக்கும் சரிப்படலன்னா இதோட முடிஞ்சிது” என்றாராம்.

எனக்கோ பிரீத்தியின் லேப்டாப் மேலேயே சந்தேகம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த விண்டோஸைத் தூக்கிவிட்டு லினக்ஸ் போட்டிருக்கிறாள். ஏன் என்று கேட்டால், “இது இலவசம் அத்தை. கம்பைலர், எடிட்டர் எல்லாமே இலவசம்” என்கிறாள். காய்கறிக்காரர் ஒரு கொத்து கொத்தமல்லியை இனாமாகக் கொடுத்தாலே கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவள் நான். ஊர் பேர் தெரியாதவர்கள் ராப்பகலாக உழைத்து, யாருக்கோ சும்மா கொடுக்கிறார்களாம்… நம்புகிற மாதிரியா இருக்கிறது?

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அன்று யூனிட்டுக்கு லீவு. சோதனைக்காகவே ஒரே ஓர் ஆட்டுத் தோலை பிரேமில் கிளிப் போட்டு இழுத்துக் காய வைத்திருந்தார் இவர். எடுத்த சூட்டோடு எங்கள் மெஷினில் விட்டார்கள். பிறகு பலகையில் விரித்து பிரீத்தி போட்டோ எடுத்தாள். இரண்டும் ஒரே அளவு!

“பாத்தியாடா?” என்று இவர் துள்ளினார்.

“இன்னாத்த பாக்கறது? உன் மருமவ எழுதினது உன் மெஷின் சொல்றதத்தான் சொல்லும்” என்றார் நஜீர் பாய்.

அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாக எனக்கே பட்டது.

தோல் வாங்குகிற யாரும் பளபளப்பான பக்கத்தைப் பார்த்து ஏமாற மாட்டார்கள். திருப்பிப் போட்டு, சதைப் பக்கத்தைத் தடவித்தான் பேச்சையே ஆரம்பிப்பார்கள். நஜீர் பாய் லேப்டாப்பைப் பார்த்தும் அதையே கேட்டார். “இதோட பின்பக்கத்தக் காட்டுமா.”

பிரீத்தி தான் எழுதியதை முழுசாகத் திறந்து காட்டினாள். வரி வரியாக விளக்கினாள். அவர் விடுவதாக இல்லை.

“இத அப்டியே மெஷின் படிச்சிக்குமா?”

“இல்ல அங்கிள். கம்பைலர்னு ஒண்ணு இருக்கு. நாம எழுதறத மெஷினுக்குப் புரியற மாதிரி அது மாத்திக் குடுக்கும்.”

“அப்ப நீ ஒண்ணு எழுதி, அது ஒண்ணு மாத்திட்டா?”

“அதுக்குள்ள எழுதினதும் திறந்துதான் அங்கிள் இருக்கு. யார் வேணா பாக்கலாம்.”

“சரி. அத எது கம்பைல் பண்ணுச்சு?”

“அதுக்கு முந்தின கம்பைலர்.”

“அத?”

“அதுக்கும் முந்தினது…”

“மொத ஆளு ஒருத்தன் இருப்பான்ல? அவன் யாரு? இன்னாத்துக்கு சும்மா குடுக்கறான்?”

பிரீத்தி சிரித்துவிட்டாள். “பெரிய பெரிய ஆளுங்களே இந்தக் கேள்விய கேட்டிருக்காங்க அங்கிள்.” பிறகு வேறொரு கம்பைலரை இறக்கினாள். அதுவும் இலவசம்தான், ஆனால் எழுதியவர்கள் வேறு ஆட்கள். அதே புரோகிராமை அதில் போட்டாள். நெட் ஸ்லோ. கரண்ட் வேறு ஒரு தடவை போய் வந்தது. கடைசியில் அந்தப் பழைய போட்டோவுக்கு இதுவும் அதே அளவைச் சொன்னது.

இதற்குள் மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. “சாப்பிட்டுப் போங்க” என்றேன். “வேணாம் அண்ணி” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எத்தனை வருஷமாக எங்கள் வீட்டில் உரிமையோடு கேட்டு வாங்கிச் சாப்பிட்ட மனுஷர்!

ஸ்கூட்டர் சாவியை எடுத்தவர், வாசலில் நின்று திரும்பினார். “போறதுக்கு முன்ன இன்னொரு தபா எடு. போட்டோவயும் என் கண் முன்னால புதுசா எடு.”

தோல் அதுவரை ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டுக்குக் கீழே, அந்தச் சூட்டில், பலகை மேலேயே கிடந்தது. பிரீத்தி மறுபடி எடுத்தாள். அளவு கம்மி. இரண்டு கம்பைலரிலும் கம்மி. இவருக்கு முகம் வெளிறிவிட்டது. ஓடிப்போய் எங்கள் மெஷினிலேயே விட்டார். அதுவும் அதே கம்மியைத்தான் சொன்னது!

இழுத்துக் கட்டிய தோல், கிளிப்பைக் கழற்றிப் போட்டு வைத்தால் சுருங்கும். ஆம்பூரில் இது யாருக்குத் தெரியாது? நாங்கள் பிரேமிலிருந்து எடுத்த கையோடு அளக்கிறோம். அவர் டெம்போவில் கொண்டுபோய், ஷெட்டில் போட்டு வைத்து அளக்கிறார். இரண்டு மெஷினும் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கின்றன.

“டேய், தோல் சுருங்கும்னு உனக்குத் தெரியாதா?” என்றார் நஜீர் பாய். குரல் இறங்கியிருந்தது.

“உனக்கும்தானே தெரியும்?”

“தெரியும்… ஆனா நீ மெஷின்ல கை வச்சிட்டன்னு நெனச்சப்புறம், அது ஞாபகத்துக்கே வர்ல.”

“எனக்கும் அதேதான்டா” என்றார் இவர். கண் கலங்கியிருந்தது. நான் உள்ளே போய் இரண்டு தட்டு எடுத்து வைத்தேன்.

பிரீத்தி லேப்டாப்பை மூடிக்கொண்டு போனாள். எனக்கு மனசு ஆறவில்லை. முகம் தெரியாத எவனோ எழுதிய கம்பைலரை, அதன் கொள்ளுத்தாத்தா வரைக்கும் குடைந்து குடைந்து விசாரித்தார்கள்.

கூடப் படித்தவனிடம், “எப்படா அளக்கற?” என்று கேட்க மட்டும் வாய் வரவில்லையே!