இடது கைப் பட்டன்

பெல்ட்டுக்குப் பக்கிள் செய்து விற்றதால் அவரை எல்லோரும் பக்கிள்காரர் என்றே கூப்பிட்டார்கள். டயர் கடைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட். அதற்குள் மூன்று பிரஸ் மெஷின்கள், பாலிஷ் போடும் சக்கரம், முலாம் பூசும் தொட்டிகள், மூலையில் அமிலக் கேன்கள் அடுக்கிய சின்ன ஸ்டோர் ரூம். ஒன்பது பேர் வேலை பார்த்தார்கள். அவர்களில் ஒருவன் அவருடைய மனைவியின் தம்பி.

பக்கிள்காரருக்குக் குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. ஒரு கை சும்மா இருப்பதைப் பார்த்தால் மட்டும் அவருக்குப் பொறுக்காது. தகடு எடுக்க யாராவது இடுப்பைத் திருப்பினால், அன்று சாயங்காலத்துக்குள் தகட்டுப் பெட்டி அவன் முட்டிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். வீட்டிலும் அதே கதைதான்.

"உப்புக்கு ஒரு நடை, தண்ணிக்கு ஒரு நடையா? போறப்பவே ரெண்டையும் எடுத்துட்டு வந்தா என்ன?" என்பார்.

"உங்களுக்குப் பதிலா ஒரு மெஷினக் கட்டியிருந்தா, எண்ணெய் ஊத்துனா சத்தம் போடாம இருந்திருக்கும்" என்பாள் மனைவி. தம்பி விழுந்து விழுந்து சிரிப்பான். பக்கிள்காரரும் சிரிப்பார். அப்போது அப்படித்தான் இருந்தார்கள்.

உள்ளூர்க் கடைக்காரர்களோடு பேரம் பேசிப் பேசி அவருக்கு அலுத்துப் போயிருந்தது. அந்த நேரத்தில்தான் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்குச் சரக்கு பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட் அவரைத் தேடி வந்தார். சாம்பிள் பக்கிளை விரலால் தடவிப் பார்த்தார், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், பிடித்துவிட்டது. "ஆனா அந்தக் கம்பெனி கேக்கிற அளவுக்கு உங்க ஷெட்டால போட முடியுமா? புது மெஷின் வாங்கிட்டுச் சொல்லுங்க, ஆர்டர் தர்றேன்" என்றார். மெஷின் வாங்கக் கடன் கேட்டு பேங்குக்குப் போனால், மேனேஜர், "ஆர்டர் இருக்கா? இருந்தா பேசலாம்" என்றார்.

"இவர் அவர் வீட்டுச் சாவியைக் கேக்கிறாரு, அவர் இவர் வீட்டுச் சாவியைக் கேக்கிறாரு. நான் நடுத்தெருவுல நிக்கிறேன்" என்று வீட்டில் வந்து புலம்பினார்.

ஒரு வருஷம் அலைந்த பிறகு மேனேஜர் கொஞ்சம் இறங்கி வந்தார். மனைவிக்கு அவள் அப்பா கொடுத்த வீடு ஒன்று இருந்தது. அதன் பத்திரத்தை ஈடாக வைத்தால் யோசிக்கலாம், அதற்கு முன்னால் ஷெட்டில் வேலை எப்படி ஓடுகிறது என்று ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்றார். மனைவி மறு பேச்சு பேசாமல் கையெழுத்துப் போட்டாள்.

மேனேஜர் பார்க்கும்போது மெஷின்கள் பறக்க வேண்டும் என்று பக்கிள்காரர் முடிவு செய்தார். பிரஸ் மெஷினில் இரண்டு பட்டன்கள் இருக்கும். இரண்டையும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலிருக்கும் அச்சு இறங்கும். கை வெளியே இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. இடது பட்டனைக் கம்பியால் அழுத்திக் கட்டிவிட்டால், வலது கை மெஷினை ஓட்டும்போதே இடது கை அடுத்த தகட்டை உள்ளே வைத்துவிடலாம். அவரே குனிந்து உட்கார்ந்து மூன்று மெஷின்களிலும் கம்பியைக் கட்டினார்.

மெஷின் ஓட்டும் மூவரில் மச்சினன்தான் வேகமானவன். "மாமா, இது சரியா வராது. இடது கை எப்ப உள்ள போகுது, எப்ப வெளிய வருதுன்னு அதுக்கே தெரியாது" என்றான்.

"மேனேஜர் வந்துட்டுப் போற வரைக்கும்தான் மாப்ள. அப்புறம் நானே அவுத்துடறேன். உன்ன நம்பித்தான் இருக்கேன்."

மச்சினன் தன் மெஷினில் கட்டியிருந்த கம்பியை ஒருமுறை இழுத்துப் பார்த்தான்.

மேனேஜர் வருவதாகச் சொன்ன காலையில் ஷெட் முழுக்கக் கழுவிவிட்டிருந்தார்கள். மனைவி நல்ல கோப்பைகளை வீட்டிலிருந்து எடுத்து வந்து, முன் அறையில் ஸ்டவ்வைப் பற்ற வைத்திருந்தாள். சந்து முனையில் கார் திரும்புகிற சத்தம் கேட்டது. "ஆரம்பிங்க, ஆரம்பிங்க" என்று பக்கிள்காரர் கையைத் தட்டினார். மச்சினன் கார் வந்த பக்கம் ஒரு நொடி தலையைத் திருப்பினான். அச்சு இறங்கியது.

மற்ற இரண்டு மெஷின்களின் இரைச்சலில் அவன் அலறல் முன் அறைக்குப் போகவில்லை. இடது கையில் மூன்று விரல்கள் போயிருந்தன. பாலிஷ் போடுகிறவர் ஓடி வந்து, "ஆட்டோ கூப்பிடட்டுமா?" என்றார்.

"யாரும் மெஷினை நிறுத்தக் கூடாது" என்றார் பக்கிள்காரர். மச்சினனைத் தோளோடு அணைத்து ஸ்டோர் ரூமுக்குள் தள்ளிக்கொண்டு போனார். ஒரு கேன் மேல் உட்கார வைத்து, கையில் துண்டை இறுக்கிச் சுற்றினார். "மாப்ள, சத்தம் போடாத. அவர் போயிடட்டும். கொஞ்ச நேரம்தான். இது போச்சுன்னா அக்கா வீட்டப் பணயம் வச்சது எதுக்கு, சொல்லு?"

மச்சினன் பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினான். பக்கிள்காரர் திரும்பி வந்து, மெஷினிலிருந்து விரல்களை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிப் பேன்ட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். ஸ்டோர் ரூம் கதவுக்கு வெளியிலிருந்து தாழ்ப்பாள் போட்டார். பழைய பனியன் துணியால் மெஷினைத் துடைத்தார். பிறகு வாசலுக்குப் போய் மேனேஜருக்குக் கை கொடுத்தார்.

எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினார். மச்சினன் இடத்தில் தானே உட்கார்ந்து, தகடு தகடாக ஓட்டிக் காட்டினார். "பரவாயில்லையே, நல்ல வேகம்" என்று மேனேஜர் வியந்தார். முன் அறையில் உட்கார்ந்து டீ குடித்தார். தன் மூட்டு வலியைப் பற்றிச் சொன்னார். மருமகன் சம்பாதிக்காததைப் பற்றிச் சொன்னார். பக்கிள்காரர் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார். ஒருவழியாக மேனேஜர் எழுந்தபோது, மனைவிக்கு இருந்த சந்தோஷத்தில், "இன்னொரு டீ குடிச்சிட்டுத்தான் போகணும் சார், ஒரு நிமிஷத்துல போட்டுடறேன்" என்றாள். மேனேஜர் மறுபடி உட்கார்ந்தார்.

கார் போன பிறகு, மனைவி முன் அறையில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது, பக்கிள்காரர் கதவைத் திறந்தார். மச்சினன் சுவரில் சாய்ந்து, அதே கேன் மேல், வெளுத்துப் போய் உட்கார்ந்திருந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கைக்குட்டையைப் பிரித்துப் பார்த்தார். "இத பாக்கெட்லயா வச்சிருந்தீங்க? சுத்தமா மூடி, ஐஸுல வச்சு உடனே கொண்டு வந்திருந்தா ஒட்டிப் பாத்திருக்கலாம்."

மனைவி அழுதபடி, "எப்படா ஆச்சு?" என்று தம்பியைக் கேட்டாள். அவன் பக்கிள்காரர் முகத்தை ஒரு தடவை பார்த்தான். "அவர் போனப்புறம்தான்க்கா" என்றான்.

கடன் கிடைத்தது. புது மெஷின்கள் வந்தன, ஆர்டர் வந்தது, முதல் கன்டெய்னர் கப்பல் ஏறியது. மச்சினனுக்குப் பேக்கிங்கில் வேலை போட்டுக் கொடுத்தார். வெளிநாட்டிலிருந்து ஆள் பார்வையிட வரும் நாட்களில் மட்டும், "நீ வீட்டுல ரெஸ்ட் எடு மாப்ள" என்று அனுப்பிவிடுவார். இங்கே யாருக்கும் அடிபட்டதில்லை என்று அவர்களிடம் சொல்லியிருந்தார்.

இரண்டாவது வருஷம் அந்தக் கம்பெனி விலையைக் குறைக்கச் சொன்னது. எங்கே குறைப்பது என்று பக்கிள்காரர் வரிசையின் ஓரமாக நின்று பார்த்தார். சக்கரமும் தொட்டியும் நன்றாகத்தான் ஓடின. பேக்கிங்கில் வந்து சரக்கு தேங்கியது. அட்டைப் பெட்டியை முழங்கையால் அணைத்து, டேப்பைப் பல்லால் கடித்து ஒட்டிக்கொண்டிருந்தான் மச்சினன்.

மறுநாள் மத்தியானம், வீட்டில் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பேச்சை எடுத்தார்.

"மாப்ள, தப்பா எடுத்துக்காத. மத்தவங்க நாலு பெட்டி கட்டுற நேரத்துல நீ ரெண்டுதான் கட்டுற. மாசா மாசம் ஏதாவது தர்றேன். வேலைக்கு வர வேணாம்."

"என்னங்க பேசறீங்க, அவன் என் தம்பி" என்றாள் மனைவி.

"தம்பிங்கிறதாலதான் ரெண்டு வருஷம் பொறுத்தேன்."

மச்சினன் தட்டைப் பார்த்தபடியே சொன்னான்: "அந்த மேனேஜர் ரெண்டாவது டீ குடிக்காமப் போயிருந்தா, நானும் நாலு கட்டியிருப்பேன் மாமா."

சொன்ன பிறகுதான் அக்கா பக்கத்தில் இருப்பது அவனுக்கு உறைத்தது. அவள் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. "அப்ப நீ உள்ள இருந்தியா?" என்று கேட்டாள். கணவனைப் பார்த்தாள். "நான் டீ போட்டுக்கிட்டு இருந்தப்பவா?"

"அதப் பேசி இப்ப என்ன ஆகப் போகுது?" என்றார் பக்கிள்காரர்.

அந்த வாரமே அவள் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். மச்சினனுக்கு வேறு எந்தப் பட்டறையிலும் இடம் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு பழைய இரும்புக் குடோனில் தரம் பிரிக்கிற வேலைக்குப் போனான். பக்கிள்காரர் அனுப்பிய பணம் இரண்டு மாதமும் திரும்பி வந்தது. மூன்றாவது மாதம் அவர் அனுப்பவில்லை.

வியாபாரம் குறையவில்லை. பெரிய கட்டடத்துக்கு மாறினார், ஆட்கள் நாற்பதானார்கள். நல்ல ஏற்றுமதியாளர் என்று ஒரு சங்கத்தில் கேடயம்கூடக் கொடுத்தார்கள். மேனேஜர்தான் மேடையில் எடுத்துக் கொடுத்தார். கடனைக் கூட்டி வாங்கும்போது ஒரு சிக்கல் வந்தது. வீடு மனைவி பெயரில் இருந்ததால் அவள் மறுபடி கையெழுத்துப் போட வேண்டும். தபாலில் அனுப்பிப் பார்த்தார், பதில் இல்லை. தானே போனார்.

மச்சினன் வேலைக்குப் போயிருந்தான். அவள் கதவைத் திறந்து, உள்ளே வரச் சொல்லாமல், காகிதங்களை வாங்கி ஜன்னல் கட்டையில் வைத்துப் பேனாவைத் திறந்தாள். பிறகு அப்படியே நின்றாள்.

"ஒண்ணு சொல்லுங்க. கதவத் தொறந்தப்போ அவன் அழுதுக்கிட்டு இருந்தானா?"

"சே, இல்ல" என்றார் அவர். அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தோ என்னவோ, "கடைசி வரைக்கும் ஒரு சத்தம்கூடப் போடல. நல்ல பிள்ளை" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அவள் ஒவ்வொரு பக்கமாகக் கையெழுத்துப் போட்டாள். கடைசிப் பக்கத்தில் ஒரு இடத்தை விட்டிருந்தாள். அவர் அந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். அங்கேயும் போட்டாள்.

"கொஞ்சம் உக்காந்து பேசலாம்னுதான் வந்தேன்" என்றார். பிறகு மணியைப் பார்த்தார். பேங்க் மூடும் நேரம். காகிதங்களை உறையில் போட்டுக்கொண்டு வேகமாகப் படியிறங்கினார்.