அவர்கள் பார்க்காத கப்பல்

எங்கள் தெருவில் ஒரு படத்தைப் பார்க்க வேண்டுமென்றால் தரை டிக்கெட்டுக்காவது காசு வேண்டும். அதைப் பற்றிக் கருத்துச் சொல்ல அதுவும் வேண்டியதில்லை. யுத்தம் முடிந்து, நூல் இன்னும் அளவாகவே கிடைத்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. அருப்புக்கோட்டையில் பாதி நாள் தறிகள் சும்மா கிடந்தன. கருத்துகளுக்கு மட்டும் எந்தத் தட்டுப்பாடும் ஏற்படவில்லை.

கருத்துச் சொல்லும் இடம் பாவடி. நெய்வதற்கு முன் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, அது காய்வதற்குள் நார் பிரஷ்ஷால் நீவி முடிக்க வேண்டும். வெயில் ஏறுமுன் ஆக வேண்டிய வேலை. ஒரு வீட்டாரால் ஆகாது என்பதால் தெருவே கூடும். ஆண்கள் நீவுவார்கள், பெண்கள் கூடவே நடந்து அறுந்த இழைகளை முடிவார்கள். பாதியில் விட்டுப் போனால் பாவு பாழ். ஆகையால் அங்கே யார் என்ன உளறினாலும் கடைசி வரை கேட்டுத்தான் ஆக வேண்டும்.

எங்கள் வீட்டுப் பேச்சு தெலுங்கு. பாவடியிலும் நூல் தரம், கஞ்சிப் பதம், சாவு, கல்யாணம் எல்லாம் தெலுங்கில்தான். படப் பேச்சு மட்டும் தமிழில் நடக்கும். படம் தமிழில் பேசியது என்பது ஒரு காரணம். தமிழில் சொன்னால் தீர்ப்புக்கு ஒரு கனம் வருகிறது என்று அவர்கள் எண்ணியது இன்னொரு காரணம்.

தீர்ப்பு என்று நான் எழுதுவது கேலிக்காக அல்ல. டெண்டுக் கொட்டகையில் புதுப்படம் வந்தால் முதலில் ஆண்கள் போவார்கள். மறுநாள் காலை பாவடியில் அதை அலசி, பெண்கள் பார்க்கலாமா கூடாதா என்று முடிவு செய்வார்கள். கூடும் என்றால் தெருப் பெண்கள் மொத்தமாகப் போவார்கள். கூடாது என்றால் ஒருத்தியும் போக முடியாது. என் மனைவியை மட்டும் நான் தனியாக அழைத்துப் போயிருந்தால், மறுநாள் எங்கள் பாவுக்கு நாங்கள் இருவர்தான் நின்றிருப்போம்.

அந்த முடிவைச் சொன்னவர்கள் மூன்று பேர். முதலாவது, எட்டுத் தறி வைத்திருந்த பெரியவர். தெருவே அவரை மாமா என்று கூப்பிட்டது. கொட்டகையில் நாற்காலியில் உட்கார்ந்து, திரையைப் பார்ப்பதைவிட யார் யார் பெஞ்சில் இருக்கிறார்கள் என்பதையே அதிகம் பார்ப்பார். இரண்டாவது, நூல் கடைக் கணக்கர். இரண்டு முறை மதுரைக்குப் போய்ப் படம் பார்த்துவிட்டு வந்தவர்; அதன்பின் எந்தப் படத்தைக் கேட்டாலும் போட்டோ சரியில்லை என்பார். மூன்றாவது, பரளச்சியில் பருத்தி விளைவித்து வண்டியில் கொண்டு வரும் சம்சாரி. எங்கள் தெருவில் மாட்டை அவிழ்த்துவிட்டு, படத்துக்குப் போய் நன்றாகத் தூங்கிவிட்டு, காலையில் பாவடி ஓரம் வேப்பங்குச்சியோடு வந்து நிற்பார். மூவரில் இவருக்குத்தான் சந்தேகமே வராது.

அந்த முறை வந்த படத்தின் நோட்டீஸில் ஒரு கப்பல் அச்சடித்திருந்தது. கல்யாணமான கையோடு ஒருவன் அக்கரைச் சீமைக்குப் பிழைக்கப் போகும் கதை. என் மனைவி அந்த நோட்டீஸை அடுக்களைச் சுவரில் கஞ்சிப்பசை போட்டு ஒட்டினாள். அவளுடைய அண்ணன் ரங்கூனுக்குப் போனவர். யுத்தம் அந்த ஊருக்கு வந்ததோடு அவரிடமிருந்து கடிதம் நின்றுபோனது. கப்பல் எப்படி இருக்கும், அதில் ஆள் எந்த வழியாக ஏறுவான் என்று அவளுக்குத் தெரியாது. கண்மாயில் தண்ணீர் நிற்பதையே சில வருடம்தான் பார்க்கிற ஊரில் அது எப்படித் தெரியும்? இந்தப் படத்துக்கு மட்டும் போக வேண்டும் என்று என்னிடம் சொன்னாள். அவள் அப்படி எதையும் கேட்கிறவள் அல்ல.

முதல் நாள் நானும் போனேன். ஒரே மிஷின், ஒவ்வொரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போட்டு அடுத்ததை மாட்டுவார்கள். ஆபரேட்டர் ரீல்களை முன்பின்னாக மாட்டிவிட்டார். கப்பல் புறப்பட்ட பிறகு பிறக்க வேண்டிய குழந்தை, தாலி கட்டுவதற்கு முன்பே தொட்டிலில் கிடந்து அழுதது. இன்னும் ஊரைவிட்டே கிளம்பாதவனிடமிருந்து கடிதம் வரவில்லையே என்று கதாநாயகி ஒரு பாட்டு முழுக்க அழுதாள். அதற்கப்புறம் மேளம் கொட்டிக் கல்யாணம். பிறகு கப்பல். கொட்டகை நிறைய ஜனம். ஒருவர்கூட எழுந்து என்ன இது என்று கேட்கவில்லை.

மறுநாள் பாவடியில் மாமா ஆரம்பித்தார்.

"கல்யாணத்துக்கு முன்னாலயே புள்ளை. அதையும் கூசாமக் காட்டுறான்."

"இப்ப மதுரையில எல்லாம் இப்படித்தேன் எடுக்காக, மாமா," என்றார் கணக்கர். "ஆனா போட்டோ சரியில்ல."

"அது அவ அக்கா புள்ளை," என்றார் சம்சாரி.

"அக்கான்னு ஒருத்தி படத்துலயே இல்லையேப்பா," என்றார் மாமா.

"செத்துப்போயிருப்பா. நீங்க ஒழுங்காப் பாத்திருக்க மாட்டீக."

"ஏலே, நீ குறட்டை விட்டது நாற்காலி வரைக்கும் கேட்டுச்சு."

"கண்ணு மூடுனா காது கேக்காதா?" என்று அவர் வேப்பங்குச்சியைத் துப்பினார்.

ரீல் மாறிப்போனதை நான் சொன்னேன். எந்த ரீலுக்குப் பின் எது வர வேண்டும் என்பதையும், கடிதம் வராத பாட்டையும் வரிசையாகச் சொன்னேன். பிரஷ்கள் கொஞ்சம் நின்றன. "காசையும் வாங்கிக்கிட்டுத் தலைகீழாவா காட்டுவான்?" என்றார் கணக்கர். மாமா சிரித்தார். "ஒருத்தர் விளக்கம் சொல்லித்தேன் ஒரு படம் நல்ல படமாகணும்னா, அது நல்ல படமில்லப்பா. பொம்பளைக போக வேண்டாம்."

கப்பல் எப்படி இருந்தது என்றாவது இவர்களில் ஒருவரிடமிருந்து வாங்கிவிடலாம் என்று கேட்டேன். மனைவி நாலு முழம் தள்ளி இழை முடிந்துகொண்டிருந்தாள்; அவள் காதில் விழட்டும் என்றுதான்.

"கப்பலா?" என்றார் கணக்கர். "அதை எவன் பாத்தான்?"

அன்று பகல் திருச்சுழி ரோட்டில் இருந்த கொட்டகைக்குப் போனேன். ஆபரேட்டர் ஆயில் இஞ்சின் நிழலில் படுத்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் பெட்டியைத் திறந்து பார்த்துத் தலையைச் சொறிந்தார். "ஒருத்தரும் குறை சொல்லலையே," என்றார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்படிப்பட்ட ஜனத்துக்குப் படம் காட்டுகிறவர் ரீலைப் பார்த்து மாட்ட வேண்டிய அவசியம் என்ன?

அன்று மாலை படம் சரியாக ஓடியது. பார்த்துவிட்டு வந்தவர்கள் பாவடியில் சொன்னது இது: முதல் நாள் ஒரு கதை, மறுநாள் ஒரு கதை, போலீசுக்குப் பயந்து மாற்றிவிட்டான், இப்படி நாளுக்கொரு கதை காட்டுகிறவனை நம்பி எப்படிப் பெண்களை அனுப்புவது? தீர்ப்பு அப்படியே நின்றது. நான் திருத்தியதால் இன்னும் பலப்பட்டது.

வீட்டில் நான் பார்த்த கப்பலைச் சொன்னேன். இரண்டு புகைபோக்கி, சாய்ந்த ஏணி, கரையில் இரும்புக் குத்துக்கல், அதில் சுற்றிய கயிறு. எதையும் விடவில்லை. அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, ஏணியில் ஏறியவன் திரும்பிப் பார்த்தானா என்று கேட்டாள். அதை நான் கவனித்திருக்கவில்லை.

கொட்டகையைப் பிரித்துக்கொண்டு போனார்கள். நோட்டீஸ் சுவரிலேயே இருந்தது. சில வாரம் கழித்து, திருச்சுழியில் அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். அந்தக் கொட்டகையை இப்போது அதே படத்தோடு திருச்சுழியில் போட்டிருக்கிறார்கள் என்பது பஸ் ஏற்றிவிடும்போது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். திரும்பி வந்தபோது நோட்டீஸைச் சுவரிலிருந்து சுரண்டி எடுத்து அடுப்பில் போட்டாள்.

அடுத்த பாவு எங்களுடையது. வேறொரு கொட்டகை போட்டுப் புதிதாக வந்திருந்த ஒரு பக்திப் படத்தை மூவரும் அலசிக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் புள்ளைக்காரி படத்துக்கு இது எவ்வளவோ தேவலை," என்றார் கணக்கர்.

"அதுல என்ன இருந்துச்சு, ஒண்ணுமில்ல," என்றார் சம்சாரி.

"கப்பல் இருந்துச்சு," என்றாள் என் மனைவி. தமிழில் சொன்னாள். அவள் பாவடியில் தமிழ் பேசி நான் கேட்டதில்லை.

மாமா பிரஷ்ஷை நிறுத்தினார். "நீ எங்கம்மா பாத்த?"

"திருச்சுழியில. எங்கம்மா கூட."

"உங்கம்மாவுமா பாத்தாக?"

"அவுகதான் வா வான்னு கூட்டிட்டுப் போனாக. நீங்க மூணு பேரும் அம்புட்டுப் பேசுனீக, மாமா. கப்பலை ஒருத்தரும் சொல்லல. ஏணியை எடுத்தப்புறமும் அந்தப் பொண்ணு அங்கனயே நிக்கிறா. கப்பல் சுருங்கிச் சுருங்கி, கடைசியில வெறும் புகைதேன் தெரியுது. அதையுமா பாக்கல?"

"அப்பப் பாத்துப் பீடிக்குத் தீப்பெட்டி தேடிக்கிட்டு இருந்தேன்," என்றார் கணக்கர்.

மாமாவின் முகம் போன போக்கைப் பார்த்தால் பிரஷ்ஷைப் போட்டுவிட்டுப் போய்விடுவார் போலிருந்தது. கஞ்சி தடவிய பாவு தெரு நீளத்துக்கு ஈரமாகக் கிடந்தது. யாரும் போக முடியாது. வரிசையில் நின்ற பெண்கள் அவளிடம் கேட்க ஆரம்பித்தார்கள். கப்பல் எம்புட்டுப் பெரிசு, தண்ணி எந்த மட்டும், ஏணி ஆடுமா? இழை முடிந்துகொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவன் ஏணியில் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தான் என்றும் சொன்னாள். மூவரும் தலைகுனிந்து நீவினார்கள்.

பாவின் முனைக்கு வந்தபோது மாமா அவளைப் பாராமல் கேட்டார். "அந்தக் கப்பல் திரும்பி வருதா?"

முழுப் படத்தையும் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவர் கேட்ட கேள்வி இது.

"அதைக் காட்டல, மாமா. பாட்டு முடிஞ்சதும் அவன் பொட்டியோட வாசல்ல வந்து நிக்கிறான்." கையிலிருந்த இழையை முறுக்கி முடிச்சுப் போட்டாள். "அது மட்டும் நம்புற மாதிரி இல்ல."