மேட்டு வரிசைக்கு ரதத்தை ஏற்றிய எங்கள் அண்ணன்

ஓராண்டுத் திதிக்கு வந்து, சாப்பிட்டுக் கை கழுவிய ஈரத்தோடு இந்த நினைவு மலரைப் பிரித்திருக்கும் சொந்தபந்தங்களுக்கு, கூடப்பிறந்த தங்கையின் வணக்கம். படிப்பவர்கள் கண்ணீர் விடுகிற மாதிரி எழுதித் தரும்படி அண்ணி கேட்டுக்கொண்டார். முயன்று பார்த்தேன், முடியவில்லை. அண்ணன் என்று எழுதியதுமே அந்த ஆடி மாத ஊர்வலம்தான் கண் முன்னால் வந்து நிற்கிறது. இப்போது நினைத்தாலும் உடம்பெல்லாம் துள்ளுகிறது. அண்ணி மன்னிக்க வேண்டும்.

அண்ணன் பிறந்தது சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில், ரப்பர்த் தோட்டத்து லயத்து வீட்டில். அப்பா பால்மரம் வெட்டினார். அண்ணனுக்குப் பதினாறு வயதானபோது அப்பா தவறிவிட்டார். படிப்பை விட்டுவிட்டு, ஈப்போவில் செங்கல், சிமெண்டு விற்கும் ஒரு முதலாளியின் லோரியில் சாமான் ஏற்றி இறக்கப் போனார். பிறகு அதே லோரியை ஓட்டினார். என்னைப் படிக்க வைத்ததும், கட்டிக்கொடுத்ததும் அந்த லோரிதான். அது பழசானபோது முதலாளி அண்ணனுக்கே கொடுத்துவிட்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அண்ணனுக்கு வராது. அதற்கும் சேர்த்து நான் கோபப்படுவேன்.

தோட்டத்தை விற்ற பிறகு எங்களுக்கெல்லாம் மேட்டில் வரிசை வீடுகள் கிடைத்தன. மாரியம்மன் கோயில் மட்டும் கீழே, பெரிய சாலை ஓரத்திலேயே தங்கிவிட்டது. ஆடித் திருவிழாவில் அம்மன் ரதமேறி வீட்டுக்கு வீடு வருவாள். அவரவர் வாசலில் தேங்காய், பழத்தட்டு வைத்து ஆரத்தி எடுப்போம். ரதம் அண்ணனுடைய லோரியின் மேல்தான் ஏறும். ஆனால் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மேட்டுப் பாதையில் ரேடியேட்டர் கொதித்து, அம்மன் நடுவழியில் நின்றுவிட்டாள். மூன்று முறையும் உறுமி மேளக்காரர்கள் வாசித்துக் களைத்துப்போனார்கள். அண்ணன் தலை குனிந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

நான்காம் ஆண்டு கோயில் கூட்டத்தில் தலைவர் பேசினார். அவர் எங்களுக்கு மாமா முறை. “மருமகனே, இந்த வருசம் மேல வேணாம்லா. பெரிய ரோட்டோட போயிட்டு வந்துருவோம். சாமி நடுவழியில நின்னா நல்லாவா இருக்கு?” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது, கீழே இறங்க முடியாது. மேட்டில் அவரைப் போல் எத்தனையோ பேர். வருடத்துக்கு ஒரு நாள் அம்மன் வாசலுக்கு வந்தால்தான் அவர்களுக்குத் தரிசனம். அதுவும் இல்லையென்றால் என்ன திருவிழா? நான் எழுந்து சத்தம் போடுவதற்குள் அண்ணன் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். “ஒரு மாசம் குடுங்க மாமா” என்றார். அவ்வளவுதான்.

அந்த மாதம் வீடு வீடாக இல்லை! ஈப்போவில் யாரோ காரை நிறுத்திச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். இஞ்சின் நின்ற பிறகும் உள்ளே விசிறி மட்டும் சுற்றிக்கொண்டே இருந்ததாம். அதைக் கேட்டுவிட்டு வந்த அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. லோரியின் விசிறி இஞ்சினோடு பெல்ட்டில் கட்டுண்டது. இஞ்சின் மெதுவாகச் சுற்றினால் அதுவும் மெதுவாகத்தான் சுற்றும். வாசலுக்கு வாசல் நின்று நகரும் ரதத்துக்கு எதிர்க்காற்றும் கிடையாது, பிறகு கொதிக்காமல் என்ன செய்யும்? மின்சாரத்தில் ஓடும் விசிறிக்கு இஞ்சினின் வேகம் எதற்கு? இதை அம்மாவிடம் ஒரு தடவை, அண்ணியிடம் ஒரு தடவை, என்னிடம் நான்கு தடவை சொன்னார்.

பழைய கார்களை அறுத்து விற்கும் கடையிலிருந்து ஒரே மாதிரி இரண்டு விசிறிகள் வந்தன. அண்ணனின் கூட்டாளி ஆ ஹெங் பட்டறைக்காரர். லோரியின் மின்சாரம் காரைப்போல் இரண்டு மடங்கு என்பதால், இரண்டு விசிறிகளும் அதைப் பங்கிட்டுக்கொள்ளும்படி அவர் வயர் இழுத்தார். பழைய விசிறியைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டருக்குப் பின்னால் புதியவற்றைப் பூட்டினார்கள். தண்ணீர் சூடேறியதும் தானாக ஓடவும், ஆறியதும் நிற்கவும் ஒரு சுவிட்ச். பிறகு ரதத்தின் பாரத்துக்குச் செங்கல் ஏற்றி, அண்ணன் மேட்டில் ஆமை வேகத்தில் மூன்று முறை ஏறி இறங்கினார். சூடு காட்டும் முள் அசையவில்லை. மாமாவே வந்து பார்த்து, சரி என்று தலையாட்டினார்.

திருவிழா மாலை. மேட்டின் அடிவாரத்திலேயே முள் ஏறத் தொடங்கியது. இரண்டு விசிறிகளும் இரைந்துகொண்டிருந்தன, ஆனாலும் ஏறியது! அண்ணன் வண்டியை நிறுத்தினார். இறங்கி முன்னால் வந்து பார்த்தார். லோரியின் முகப்பில் ஒரு பச்சைப் பட்டுப் புடவை, அதற்கு மேல் மாலைகள், வேப்பிலை. விசிறிகள் இழுத்த இழுப்பில் புடவை முகப்புக் கம்பிகளோடு அப்பிக்கொண்டு, காற்றுப் போக ஓர் ஓட்டையில்லாமல் அடைத்திருந்தது. அந்தப் புடவையை நேர்ந்துகொண்டு வாங்கியதும், காலையில் இழுத்துக் கட்டியதும் நான்தான்.

“அம்மனுக்குத்தான புடவ நேர்ந்துக்கிட்ட? லோரிக்கு எதுக்குக் கட்டுன?” என்றார் அண்ணன். பிறந்ததிலிருந்து அவர் என்னைத் திட்டியது அந்த ஒரு முறைதான்.

சாத்திய புடவையை நடுவழியில் உருவினால் குற்றமாகிவிடும் என்று மாமா தடுத்தார். நான் பூசாரியின் முகத்தைப் பார்த்தேன். “அம்மனுக்குத்தான, அவகிட்டயே குடும்மா” என்றார் அவர். அவிழ்த்தேன். பூசாரி அதை வாங்கி அம்மன் தோளில் போர்த்தினார். அண்ணன் மாலைகளையும் வேப்பிலையையும் ஓரத்துக்குத் தள்ளிக் கட்டினார். பிறகு வண்டிக்குள் ஏறி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். முள் இறங்கியது. உறுமி முழங்க, ரதம் மேடேறியது. அண்ணன் சன்னல் வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் ரோட்டில் நின்று வாய்விட்டு அழுதேன். வெட்கமெல்லாம் இல்லை. அன்று கடைசி வீடு வரை ஆரத்தி நடந்தது. அம்மாவும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தட்டைச் சுற்றினார்.

அதன் பிறகு ஐந்து திருவிழாக்களில் அண்ணன் ஓட்டினார். ஒரு முறைகூட ரதம் நிற்கவில்லை. கடைசி இரண்டு ஆண்டுகள் சிறுநீரகம் கெட்டு, ஈப்போவில் வாரம் மூன்று நாள் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டார். அங்கேயும் அந்த இயந்திரத்தின் பம்ப் எங்கே, எப்படி ஓடுகிறது என்று தாதியரைக் கேட்டு உயிரை வாங்கினாராம். சென்ற வைகாசியில், உறக்கத்திலேயே எங்களை விட்டுப் போனார்.

சலிக்காமல் பதில் சொன்ன அந்தத் தாதியருக்கும், செய்தி கேட்டவுடன் பட்டறையைப் பூட்டிவிட்டு ஓடி வந்த ஆ ஹெங்குக்கும், தோள் கொடுத்த மேட்டு வரிசைக்காரர்களுக்கும், அண்ணன் இடத்தில் உட்கார்ந்து இப்போது லோரி ஓட்டும் மாமா மகனுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

சென்ற ஆண்டு ஆடியில் எங்களுடையது துக்க வீடு. ரதம் வாசலில் நிற்காது, ஆரத்தியும் எடுக்கக்கூடாது. கதவைச் சாத்திவிட்டு அம்மாவும் நானும் உள்ளே இருந்தோம். உறுமிச் சத்தம் நெருங்கி வந்தது, எங்கள் வாசலைக் கடந்து மேலே போனது. மேலே உறுமி ஓய்ந்ததும் அம்மா கேட்டார்.

“கடைசி வீட்டுக்கும் போயிருச்சா?”

“போயிருச்சும்மா.”

“அப்ப சரி” என்றார்.