இழுத்துப் பார்க்கிறவள்

பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளத் தாளோடு சரி. வீட்டிலும் தையல் கூடத்திலும் மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்கள் வாயிலும் அவள் 'பிடுங்கி'தான். எதைக் கையில் கொடுத்தாலும் ஒரு இழு இழுத்துப் பார்ப்பாள். பையின் வார், குடையின் பிடி, அலமாரியின் குமிழ், எதுவும் தப்பாது. கல்யாணம் ஏன் கட்டிக்கொள்ளவில்லை என்று துளைத்த ஒன்றுவிட்ட பெரியம்மாவிடம், "வந்த ரெண்டு பேரையும் இழுத்துப் பாத்தேன் பெரியம்மா, ரெண்டுக்கும் தையல் சரியில்ல" என்று சொல்லி வாயை அடைத்தவள்.

சட்டை தைக்கும் கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் பித்தான் பிரிவில் இருந்தாள். பித்தான் தைக்கும் இயந்திரம் ஒற்றை நூலில் சங்கிலி போல் தைக்கும். கண் இமைக்குமுன் தைத்துவிடும், அதே வேகத்தில் விட்டும் விடும். பின்பக்கம் தொங்குகிற வால் நூலைச் சரியான பக்கம் பிடித்து இழுத்தால் போதும், முழுத் தையலும் உருவிக்கொண்டு வந்துவிடும். அந்த வாலை முடிச்சிட்டு, ஒவ்வொரு பித்தானையும் ஐந்து முறை இழுத்துப் பார்த்து அனுப்புவதுதான் அவள் வேலை. இடுப்பு ஒத்துழைக்காமல் போன பிறகு, மாடியில் இருக்கும் தன் ஒற்றை அறைக்கே வேலையை வாங்கி வந்து செய்தாள்.

ஆனால் அந்த இழுக்கிற பழக்கம் கூடத்தில் வந்ததல்ல. அவளுக்குப் பதினொன்று, தம்பிக்கு ஒன்றரை வயது இருக்கும்போது வந்தது. பழைய சட்டைக் கையை வெட்டிப் பஞ்சடைத்து, இரண்டு பித்தானைக் கண்ணாக வைத்து அவனுக்கு ஒரு பொம்மை செய்து கொடுத்தாள். முடிச்சுப் போடத் தெரியாமல் நூலை நாலு சுற்றுச் சுற்றி விட்டுவிட்டாள். அன்று மத்தியானத்துக்குள் ஒரு கண் அவன் தொண்டையில். அழுகை இல்லை, இருமல் இல்லை. முகம் மட்டும் நீலமாகிக்கொண்டே போனது. தொடையில் குப்புறப் போட்டு, இரண்டு தோளுக்கும் நடுவே அறைந்தாள். நாலாவது அறையில் பித்தான் வெளியே விழுந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த அம்மா, பிள்ளையை அடிப்பதை மட்டும் பார்த்துவிட்டு இவள் முதுகில் இரண்டு வைத்தாள். இவள் பித்தானைச் சாக்கடையில் போட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

பிள்ளைக்கு மூச்சு அடைக்கும்போது வீடு அமைதியாகத்தான் இருக்கும். அதை அறிந்தவளுக்கு அதற்கப்புறம் ஏது நிம்மதி?

இப்போது அந்தத் தம்பிக்கு ஒரு பெண் குழந்தை, பதினாலு மாதம். வாண்டு என்று கூப்பிடுவார்கள். தம்பியும் அவன் பெண்டாட்டியும் வேலைக்குப் போகிறவர்கள். காலை எட்டிலிருந்து மாலை ஆறுவரை வாண்டு அத்தை அறையில். வாண்டு வந்த நாளிலிருந்து ஊசிப்பெட்டி பரணுக்குப் போனது, ஜன்னல் திரையின் கயிறு ஆணிக்கு மேல் சுருண்டது. வாண்டு எழுந்துவிட்டால் தையல் வேலைக்கு மூட்டை கட்டிவிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிடுங்கி தம்பி வீட்டில் இருந்தபோது வாண்டின் தாய்மாமன் வந்தான். பெரிய பொம்மைக் கடை ஒன்றில் மேற்பார்வையாளன். பிள்ளையைவிட உயரமான குரங்கு பொம்மையோடு வந்திருந்தான். சிவப்புச் சட்டை, கழுத்தில் நாடா, கறுப்புப் பித்தான் கண்கள். அவன் தங்கையான தம்பி பெண்டாட்டியின் முகத்தில் பெருமை தாங்கவில்லை. அண்ணன் கடையிலேயே விலை கூடிய பொம்மை அதுதானாம்.

பிடுங்கி கையை நீட்டி வாங்கினாள். கண்ணுக்கு அடியில் விரலை விட்டாள். வால் நூல் தட்டுப்பட்டது. இழுத்தாள். கண் உருவிக்கொண்டு வந்து உள்ளங்கையில் விழுந்தது. அடுத்த கண்ணும் அப்படியே. பிறகு சட்டைப் பித்தான் மூன்று, கழுத்து நாடா. பையிலிருந்து டிஷ்யூ சுருளின் நடுக்குழாய் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு பித்தானாக அதற்குள் போட்டுக் காட்டினாள்.

"இதுக்குள்ள போறதெல்லாம் தொண்டைக்குள்ளயும் போகும் தம்பி."

மாமன்காரன் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தான். "குரங்கு கையில பூமாலைன்னு கேள்விப்பட்டிருக்கேன். குரங்கையே பூமாலையாட்டம் பிச்சுப் போட்டத இன்னிக்குத்தான் பாக்கறேன்."

பெட்டியில் மூன்று வயதுக்கு மேல் என்று போட்டிருக்கிறதே, கடைக்காரருக்குத் தெரியாதா என்று இவள் கேட்டாள். பிள்ளை வளராமலா போகும் என்றான் அவன். அப்போ வளர்ந்த பிறகு கண்ணைத் தைத்துக் கொடுக்கிறேன் என்று பித்தான்களை முடிந்துகொண்டாள். அவன் வாய்க்குப் போன தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். குருட்டுக் குரங்கைக் கட்டிக்கொண்டு வாண்டு மட்டும் சிரித்தது.

அன்று மாலையே தம்பி பெண்டாட்டி தீர்ப்பு எழுதிவிட்டாள். அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டால் பிள்ளை வழக்கம்போல் வரும். இல்லையென்றால் இரண்டு தெரு தள்ளிப் பகல் காப்பகம் இருக்கிறது. தம்பி நடுவில் நின்று தரையைப் பார்த்தான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. பிடுங்கி, "பிச்சது நான்தான். நாளைக்கு இன்னொண்ணு வந்தாலும் பிப்பேன்" என்றாள். திங்கட்கிழமை எட்டு மணிக்குக் கதவு தட்டப்படவில்லை.

மூன்று நாள் தாங்கினாள். பித்தான் கூடை காலியாகிக்கொண்டே வந்தது. அவ்வளவு வேலை அந்த அறையில் ஒருநாளும் நடந்ததில்லை. நாலாம் நாள் மத்தியானம், வாண்டு தூங்கும்போது பிடித்துக்கொள்கிற துண்டு இங்கேயே தங்கிவிட்டது என்று ஒரு சாக்கை வைத்துக்கொண்டு காப்பகத்துக்குப் போனாள்.

தரைத்தளத்தில் நீள அறை. பாயில் எட்டுப் பிள்ளைகள், நடுவில் பொம்மைக் கூடை. வாண்டு ஒரு சின்ன வண்டியைக் கையில் வைத்திருந்தது. தட்டினால் விளக்கு எரியும் வண்டி. அத்தையைக் கண்டதும் வண்டியோடு தவழ்ந்து வந்தது. வண்டியைத் திருப்பிப் பார்த்தாள். அடி மூடியில் திருகாணி இல்லை. ஒரு துண்டு டேப் ஒட்டியிருந்தது, அதுவும் பாதி கிளம்பி. உள்ளே காசு மாதிரித் தட்டை பேட்டரி.

திருகாணி எங்கே என்று கேட்டாள். எப்போதோ விழுந்துவிட்டது, அதனால்தான் டேப் போட்டிருக்கிறது என்றாள் காப்பகத்தம்மா. பிடுங்கி வண்டியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, வாண்டின் கையில் துண்டைக் கொடுத்துவிட்டு நடந்தாள். பின்னாலிருந்து பிள்ளை அழுகிற சத்தமும், பட்டப்பகலில் பொம்மை திருடுகிறார்கள் என்ற சத்தமும் சேர்ந்தே கேட்டன.

ஆறரைக்குத் தம்பியும் பெண்டாட்டியும் மாடியேறி வந்தார்கள். வாண்டு அம்மா தோளில்.

"திருட்டுப் பட்டம் வாங்கி வெச்சிருக்கியே அக்கா" என்றான் தம்பி.

அவள் வண்டியைத் தையல் மேசைமேல் பிடித்து ஒரே ஒரு குலுக்குக் குலுக்கினாள். மூடி கழன்றது. பேட்டரி மேசையில் உருண்டு, துணி மடிப்பில் முட்டி நின்றது.

"இத முழுங்கினா பித்தான் மாதிரி கூட இல்ல" என்றாள். "தொண்டையில உக்காந்து சதையை அரிக்கும். ரெண்டு மணி நேரம் போதும். கூடத்துல துணி வெட்டறவரோட பேத்திக்கு ஆச்சு. சளின்னு நெனச்சுக் கஷாயம் குடுத்துட்டிருந்தாங்க."

தம்பி பெண்டாட்டி பேட்டரியையே பார்த்தாள்.

"நேத்து கூப்பிடப் போனப்ப இத வாயிலதான் வெச்சிருந்தா" என்றாள். "எச்சிலத் துடைச்சு நானே திருப்பிக் குடுத்தேன் அண்ணி."

பிடுங்கி அதைக் குத்திக் காட்டவில்லை. தம்பி பெண்டாட்டியே ஆரம்பித்தாள். நாளையிலிருந்து பிள்ளை இங்கேயே இருக்கட்டும். அண்ணனுக்கு மட்டும் ஒரு வார்த்தை. மனசிலிருந்து வரவேண்டாம், வாயிலிருந்து வந்தால் போதும்.

"மாட்டேன்."

"அப்படி என்ன பிடிவாதம் அண்ணி?"

"உன் வீட்டுக்காரன் ஒன்றரை வயசுல மூச்சில்லாம நீலமாப் போனான். நான் தெச்ச பொம்மைக் கண்ணு. நான் ஒழுங்கா முடிச்சுப் போடாத பித்தான். அதுக்கே இவன்கிட்ட இன்னும் மன்னிப்புக் கேக்கல. கேக்க வேண்டியதைக் கேக்காதவளை, கேக்க வேண்டாததுக்குக் கேக்கச் சொல்றியா?"

தம்பியின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. அக்கா சின்ன வயதில் உன்னைப் போட்டு அடித்தாள் என்று அம்மா சாகும்வரை சொல்லிக் காட்டியதைக் கேட்டு வளர்ந்தவன். அக்காவின் தோளைத் தொட்டுவிட்டுப் போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டான்.

"அண்ணன்கிட்ட நான் பேசிக்கறேன்" என்றாள் தம்பி பெண்டாட்டி. "அவன் கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்."

அவன் கோபித்துக்கொள்ளத்தான் செய்தான். இன்றுவரை பிடுங்கி இருக்கும் அறைக்குள் வருவதில்லை. அவளுக்கு அதனால் தூக்கம் ஒன்றும் கெடவில்லை.

மறுநாள் எட்டு மணிக்கு வாண்டு வந்தது. ஒன்பது மணிக்கு அதை இடுப்பில் தூக்கிக்கொண்டு பிடுங்கி காப்பகத்துப் படியேறினாள். வண்டியைத் திருப்பிக் கொடுத்தாள். மூடிக்குப் பொருத்தமான திருகாணியைத் தேடிப் போட்டு முடுக்கியிருந்தாள். காப்பகத்தம்மா தட்டிப் பார்த்தாள்.

"லைட் எரியலியே?"

"எரியாது. பேட்டரி எடுத்தாச்சு. தள்ளி வெளையாடட்டும்."

"உங்க பிள்ளையத்தான் கூட்டிட்டுப் போயிட்டீங்களே, அப்புறம் இங்க உங்களுக்கு என்ன வேலை?"

பிடுங்கி பாயைப் பார்த்தாள். "மிச்சம் ஏழு இருக்கே" என்றாள்.

முதலாளியைக் கூப்பிடுவேன் என்றாள் காப்பகத்தம்மா. கூப்பிடுங்க, அவருக்கும் காட்டறேன் என்று சொல்லி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்லப் பாயில் உட்கார்ந்தாள். வாண்டை மடியில் வைத்துக்கொண்டு கூடையைத் தன் பக்கம் இழுத்தாள். ஒரு பையன் தன் கையிலிருந்த கிலுகிலுப்பையைத் தானாகவே அவளிடம் நீட்டினான். அதிலிருந்து ஆரம்பித்தாள்.